இஸ்திரி போட்ட இலைகள்

மகாங்கா கடற்கரை நகரமான மொம்பாசாவிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பிய வாரம், வீட்டிலிருந்த துணி அத்தனைக்கும் இஸ்திரி போட்டுவிட்டார். திரைச்சீலை, தலையணை உறை, மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்து ரிப்பன், மாட்டுக்குப் புல் கட்டிவரும் கிழிந்த போர்வை என்று எதையும் விடவில்லை. எல்லாம் முடிந்ததும், மனைவி மலெம்பா வயலுக்குக் கட்டிக்கொண்டு போகும் பழைய பாவாடையையும் எடுத்து மடிப்பு வைத்துத் தேய்த்து, கட்டில் மேல் அழகாக வைத்திருந்தார்.

"மண்ணு கொத்தப் போற பாவாடைக்கு மடிப்பு எதுக்குங்க? மரவள்ளி எந்திரிச்சு நின்னு எனக்கு வணக்கம் வைக்கவா?" என்று அவள் கேட்டது எங்கள் வீடு வரை கேட்டது.

மலெம்பா எனக்குப் பெரியப்பா மகள். அவள் வீடு எங்கள் வீட்டுக்கு ஒரு படிவயல் கீழே. இந்த மலையில் கீழ் வீட்டுச் சண்டையை மேல் வீட்டுக்காரர்கள் கேட்காமல் இருக்க வழியில்லை. என் தையல் கடை சர்ச்சுக்குப் போகிற வளைவில் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மிச்ச ஊரும் காதில் விழும்.

மகாங்கா அத்தான் கல்யாணமான புதிதிலேயே கடற்கரைக்கு வேலைக்குப் போனவர். பெரிய ஹோட்டல். அதன் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுவதும், சாப்பாட்டு மேசையில் வைக்கிற துணிகளை அன்னம், விசிறி, அல்லி என்று மடித்து வைப்பதும் அவர் வேலை. வருஷத்துக்கு ஒரு முறை கிறிஸ்துமஸுக்கு ஒரு பெட்டியோடு மலையேறி வருவார். மலெம்பா அக்கா கோழி அடிப்பாள். விருந்து முடிந்த பானை மாதிரி வீடு கொஞ்ச நாள் மணக்கும், பிறகு அவர் இறங்கிப் போய்விடுவார். மகள் வகேஷோ பிறந்ததும் வளர்ந்ததும் நர்ஸ் வேலைக்குப் படித்து வோய் நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்ந்ததும் இப்படித்தான், அப்பா வந்து வந்து போக, அம்மா கையிலேயே நடந்தது. பிறகு ஹோட்டலை மூடினார்கள். பழைய வெள்ளைத் துணிகளை வேலைக்காரர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அத்தான் ஒரு தகரப் பெட்டி நிறைய மேசைத்துணியோடு வந்து சேர்ந்தார்.

வந்தவருக்கு வயல் வேலை எதுவும் வரவில்லை. களை என்று நினைத்து அவரைச் செடியின் நாற்றைப் பிடுங்கினார். பால் கறக்கப் போனால் மாடு திரும்பி அவரை ஒரு பார்வை பார்க்கும். அதோடு அவர் சொம்பை வைத்துவிட்டு வந்துவிடுவார். மலெம்பா அக்கா கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"நல்ல மனுஷன்தான்டி. குடி கிடையாது, கை நீட்டுறது கிடையாது. ஆனா வீட்டுல எந்தப் பக்கம் திரும்புனாலும் அவர் மேல இடிச்சுக்கறேன். இத்தனை வருஷம் அந்த இடமெல்லாம் காலியா இருந்துச்சுல்ல?"

"அத்தானுக்கும் அப்படித்தானே இருக்கும்?"

"இருக்கும். நேத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உகாலிக் களி நல்லாருக்கு, நன்றிங்கறார். யார் கிட்ட பேசுறார்னு திரும்பிப் பாத்தேன்."

இந்தச் சமயத்தில்தான் வவூடா பெரியம்மா ஒரு காவல்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். பெண்கள் நாற்றுப்பண்ணைக் குழுவுக்கு அவர்தான் தலைவி. எங்கள் ஊருக்கு மேலே இகோம்பா காடு இருக்கிறது. சுற்றிலும் அரசாங்கம் நட்ட பைன் மரம். நடுவில் மிஞ்சியிருப்பது பழைய காடு, எப்போதும் மேகம் சொட்டிக்கொண்டிருக்கும். மேற்குப் பக்கம் முன்னோர்களின் மண்டையோடுகள் வைத்த பாறைக்குகை. அந்தப் பக்கம் கத்தியோடு யாரும் போகமாட்டார்கள். ஆனால் எண்ணெயிலைச் செடி வளர்ந்தது கிழக்குப் பக்கம். அது அந்தச் செடியின் கெட்ட நேரம்.

எண்ணெயிலை ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும் புதர். இலை தடித்து, கரும்பச்சையாக, விளக்கெண்ணெய் தடவித் துடைத்த மாதிரி மின்னும். எந்த மாதத்திலும் உதிராது. வெட்டிவந்து கட்டினாலும் வாரக்கணக்கில் வாடாது. அதனால் எங்கள் மலையில் கல்யாணம் என்றால் சர்ச் வாசலில் எண்ணெயிலை வளைவு கட்டுவார்கள். நானும் அப்படி ஒரு வளைவுக்கு அடியில் நுழைந்து வந்தவள்தான். முன்பெல்லாம் வருஷத்துக்குச் சில கல்யாணம். தார் ரோடு வந்தபிறகு வோயிலிருந்து பந்தல் அலங்காரக்காரர்கள் லாரி கொண்டுவந்து மூட்டை மூட்டையாக ஏற்றிப் போனார்கள். அந்தச் செடியோ வெட்டினால் சட்டென்று துளிர்க்கிற சாதியில்லை. ஒரு கிளை விட வருஷக்கணக்காக யோசிக்கும். பூக்க விட்டால்தானே காய்க்கும், காய்த்தால்தானே முளைக்கும்? கிளை கிளையாகப் போனதில் பூவைப் பார்த்தவர்களே ஊரில் இல்லாமல் போனார்கள்.

நைரோபியிலிருந்து செடி ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஒரு நாள் முழுக்கக் காட்டில் அலைந்துவிட்டு, சர்ச் கூடத்தில் எங்களைக் கூட்டிச் சொன்னார்கள்: இந்தச் செடி உலகத்தில் வேறெங்கும் இல்லை, இங்கேயும் ஒரே ஒரு சரிவில்தான் மிஞ்சியிருக்கிறது.

"எது, நம்ம வளைவுக்குக் கட்டுறதா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வவூடா பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மறுவாரமே வனத்துறையிடம் பேசி, அந்தச் சரிவைப் பெண்கள் குழு பார்த்துக்கொள்ளும் என்று அனுமதி வாங்கிவிட்டார்.

"பகல் முழுக்க அங்க உக்காந்திருக்க ஒரு ஆள் வேணும்" என்று அவர் கடையில் வந்து சொன்னபோது மலெம்பா அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"பெரியம்மா, எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார். சுத்தமான ஆளு."

"செடியப் பத்தி ஏதாச்சும் தெரியுமா அவருக்கு?"

"ஒண்ணும் தெரியாது. ஆனா சொன்ன இடத்துல நிப்பார்."

அப்படித்தான் மகாங்கா அத்தான் காட்டுக்குப் போனார். முதல் நாள் தேய்த்த சட்டை, கழுத்துப் பட்டி, பளபளவென்று கறுப்பு ஷூ. முதல் வாரம் அவர் காத்தது எண்ணெயிலையே இல்லை, பக்கத்திலிருந்த வேறொரு புதர். வவூடா பெரியம்மா போய்ப் பார்த்து, தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, "தம்பி, நீ முதுகு காட்டிக்கிட்டு நிக்கிறியே, அதுதான்" என்றாராம்.

அத்தானே இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

திரும்பிப் பார்த்தவருக்குச் செடி பிடித்துப்போயிற்று. காரணம் கேட்டால், "இலையப் பாரும்மா. ஒரு சுருக்கம் இருக்கா? நல்ல கை பட்டு எறக்கின துணி மாதிரி இருக்கு" என்பார். எதிரும் எதிருமாக இரண்டு இலை, அடுத்த ஜோடி குறுக்காக, அதற்கு மேல் மறுபடி முதல் ஜோடி போல: இலை வரிசையை மேசைத்துணி அடுக்குகிற மாதிரி சொல்லிக் காட்டுவார். எந்தப் புதரின் அடியில் எந்தப் பறவை கிளறுகிறது, மேகம் எப்போது இறங்குகிறது என்றெல்லாம் வீட்டுக்கு வந்து பேச ஆரம்பித்தார். மலெம்பா அக்காவுக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. அவர் இல்லாத பகலில் வீடு அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. மாலையில் அவர் வரும் நேரத்துக்கு அவள் வாசலைப் பார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஆகஸ்ட் கல்யாணங்கள் வந்தன. கத்தியோடு வந்தவர்களை அவர் திருப்பி அனுப்பினார். "புதருக்குப் புருஷன்" என்று பெயர் வைத்தார்கள். கள்ளுக் கடையில் கரும்புக் கள் ஊற்றுகிறவன், "வாங்க அண்ணே, வீட்டுல சம்சாரம் சௌக்கியமா? பெரிய வீட்டுல இல்ல, காட்டு வீட்டுல" என்பான். அவருக்குக் குடிப் பழக்கம் இல்லை. சோடா குடிக்கப் போவார். அதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு தடவை மட்டும் இளகினார். சர்ச் பாடகர் குழுவில் அவர் பக்கத்தில் நின்று பாடுகிற நண்பர் ஒருவர், தன் தங்கை கல்யாணத்துக்கு ஒரே ஒரு கிளை, வளைவின் நெற்றிக்கு மட்டும் போதும் என்று கெஞ்சினார். அத்தான் சரி என்றார். கிளை எடுக்க அனுப்பிய ஆட்கள், அவர் சரிவின் மறுகோடிக்குப் போன நேரம் பார்த்து, ஒரு முழுச் செடியை அடியோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாராம். மலெம்பா அக்கா தட்டை எடுக்கவும் இல்லை, சாப்பிடச் சொல்லவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் ஒரு கை அள்ளி உரிக்க ஆரம்பித்தார்.

"இனிமே யார் கேட்டாலும் இல்லைதான்" என்றார்.

"நான் கேட்டாலுமா?"

"நீ கேக்கமாட்ட."

அவள் கேட்கவில்லை. அவள் அண்ணன் கேட்டார்.

வகேஷோவுக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை புரா என்ற ஊர்ப் பக்கத்துப் பையன், ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுகிறவன். மாப்பிள்ளை வீட்டார் தரவேண்டிய பசுங்கன்று, ஆடு எல்லாம் பேசி முடித்து, கல்யாணம் டிசம்பரில் என்று வைத்தார்கள். எங்களில் பெண்ணுக்குத் தாய்மாமன் சொல் பெரிது. தாய்மாமன் ரிகா, என் பெரியப்பாவின் மூத்த மகன். குரலை இறக்கிப் பேசத் தெரியாதவர். கல்யாண ஏற்பாடு பேச எல்லோரும் மலெம்பா அக்கா வீட்டில் கூடியபோது, மரவள்ளியும் அவரையும் சேர்த்து மசித்த கிமாங்காவைப் பெரிய சட்டியில் நடுவில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே ரிகா அண்ணன் ஆரம்பித்தார்.

"வளைவு ரெட்டை வளைவாப் போடணும். வாசல்ல ஒண்ணு, கேட்டுல ஒண்ணு. காடே உன் கையில இருக்கு மாப்ளே, நமக்கென்ன குறை?"

"எண்ணெயிலை கிடையாது மச்சான்" என்றார் அத்தான்.

"என்னது?"

"வெட்டக்கூடாது. வேற எலை கட்டுவோம். வாழை கட்டுவோம்."

"வாழையா! எங்க வீட்டுப் பொண்ணு கல்யாணமா, மாட்டுச் சந்தையா? ஏய்யா, உன் கல்யாணத்துக்கு நான்தானே மேல ஏறி வெட்டிக் கட்டினேன்? அன்னிக்கு இனிச்சுது, இன்னிக்குக் கசக்குதா?"

"அன்னிக்கு நெறைய இருந்துச்சு."

"ஒத்தப் பொண்ணு உனக்கு. அவளுக்கு ரெண்டு கிளை வெட்ட மனசு வரலைன்னா நீயெல்லாம் என்னய்யா அப்பன்? இருபத்தஞ்சு வருஷம் எங்கயோ கெடந்துட்டு வந்தே, இப்ப புதர் வளக்குறியா?"

சட்டியில் இருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. அத்தான் மகள் பக்கம் திரும்பினார். வகேஷோ முகத்தைப் பார்த்தார். அவள் தோழிகள் எல்லோரும் எண்ணெயிலைக்கு அடியில் நுழைந்து வந்தவர்கள். அவளுக்கும் ஆசை இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை.

"அப்பா, மத்தவங்களுக்கு இல்லைன்னு சொல்லிட்டு எனக்கு மட்டும் வெட்டுனா உங்களக் கிழிச்சுடுவாங்க. அது எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா வாழை வேண்டாம்ப்பா. தயவுசெஞ்சு."

அத்தானுக்கு மனசு சரியில்லாதபோது கை சும்மா இருக்காது. கை துடைக்க வைத்திருந்த துணியை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மடிப்பு, ஓரத்தை உள்ளே தள்ளி ஒரு மடிப்பு, நகத்தால் அழுத்தி ஒரு கோடு. மலெம்பா அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன வகேஷோப்பா, மடியில?"

அவர் குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியவில்லை. "ஒண்ணுமில்ல. இலை மாதிரி வந்திருக்கு."

"அப்ப மிச்சத்தையும் மடிங்க" என்றாள் அவள். "பொட்டி நெறைய துணி சும்மாதானே கெடக்கு? கண்ட அன்னமெல்லாம் வெள்ளைக்காரன் மேசைக்கு மடிச்சீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு வளைவு மடிக்க முடியாதா?"

ரிகா அண்ணன் சிரித்த சிரிப்பில் கிமாங்கா புரையேறிவிட்டது. "துணியில வளைவு! ஊர் என்ன சொல்லும்? மழை வந்தா பிழிஞ்சு காயப்போடுவீங்களா?"

அவரைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் அத்தான் என் கடைக்கு வந்தார். "ஏ தையக்காரி, உன் மெஷினுக்கு வேலை இருக்கு" என்றார். அன்றிலிருந்து டிசம்பர் வரை எனக்கு நிஜமாகவே வேறு வேலை ஓடவில்லை. காட்டிலிருந்து உதிர்ந்த எண்ணெயிலை ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். அதன் அளவுக்குத்தான் வெட்டவேண்டும். ஓரம் நான் அடித்துக் கொடுப்பேன். சந்தையில் வாங்கிய பச்சைச் சாயத்தில் மலெம்பா அக்கா முக்கி எடுப்பாள். மரவள்ளி மாவைக் காய்ச்சிக் கஞ்சி போட்டு, காயவைத்து, நடுநரம்புக்கு ஒரு மடிப்பு வைத்து, அத்தான் கரி இஸ்திரிப்பெட்டியால் அழுத்துவார்.

முதல் இலைகள் பலகை மாதிரி விறைத்து நின்றன. ஆனால் மினுக்கம் இல்லை. எண்ணெயிலைக்கு மினுக்கம் இல்லையென்றால் என்ன மரியாதை? ஹோட்டலில் விருந்துச் சட்டைகளுக்குப் பளபளப்பு ஏற்ற கஞ்சியில் மெழுகு சீவிப் போடுவார்களாம். அவர் போட்டார். பெட்டியில் சூடு அதிகம். முதல் இலை கருகிப் புகைந்து, கடைக்குள் இருமிக்கொண்டு எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். எதிர்க்கடைக்காரன் வாளியில் தண்ணீரோடு வந்துவிட்டான்.

"புதருக்குப் புருஷன் இப்ப புதருக்கே இஸ்திரி போடுறாருடோய்!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். இந்தத் தடவை அத்தானும் சேர்ந்து சிரித்தார். "உன் சட்டையையும் கொண்டா, போட்டுத் தர்றேன். அப்படியாவது நீ மனுஷனாத் தெரியறியா பாக்கலாம்" என்றார். கடலோரத்தில் இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்த வாய் அப்போதுதான் திறந்தது.

சூடு பிடிபட்டதும் இலைகள் மின்ன ஆரம்பித்தன. நடுவில் சாயம் தீர்ந்துபோனது. அக்கா தண்ணீர் ஊற்றி ஊற்றி நீட்டியதில் கடைசியில் முக்கி எடுத்த துணிகள் வெளிர்பச்சையாக வந்தன. அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தானோ அவற்றைக் கையில் எடுத்து, "கொழுந்து! இது கொழுந்து, மலெம்பா! நுனிக்கு இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்" என்று குதித்தார். பெண்கள் குழுவிலிருந்து வவூடா பெரியம்மா ஆட்களைக் கூட்டி வந்தார். மூங்கிலை வளைத்துக் கட்டி, கயிற்றில் இலைகளைக் கோத்தோம். எதிரும் எதிருமாக, அடுத்த ஜோடி குறுக்காக. ஒரு பெண் அவசரத்தில் ஒரு கயிறு முழுக்க ஒரே வரிசையாகக் கோத்துவிட்டாள். அவர் பிரிக்கச் சொன்னார்.

"அத்தான், யாரு பாக்கப் போறா?" என்றேன்.

"நான் பாப்பேன்ல" என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின மாலை வளைவை சர்ச் வாசலில் நட்டுவிட்டு வந்தோம். வெயில் சாயும் நேரம். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் எண்ணெயிலைதான். சொன்னால்தான் துணி என்று தெரியும். ரிகா அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு இலையைத் தொட்டுப் பார்த்து, "ம்ம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்து யாரும் கேட்டதில்லை.

காலையில் மலை முழுக்க மேகம். வாசலில் நின்றால் படி தெரியவில்லை. அத்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் சர்ச்சுக்குப் போனவர், அரைவழியிலிருந்தே ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வளைவு நின்றது. ஆனால் இலைகள் எல்லாம் ஈரம் குடித்து, நனைந்த பூனைக்காது மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. மெழுகை மேல்பக்கம் மட்டும்தான் ஏற்றியிருந்தோம். அடிப்பக்கத்தில் இருந்த கஞ்சி பனியில் கரைந்து இளகிவிட்டது.

புரா பக்கத்துச் சம்பந்திகள் வருகிற பாட்டுச் சத்தம் கீழே பாதைத் திருப்பத்தில் கேட்டது. அத்தான் வளைவுக்கு அடியில் நின்று இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார்.

பின்னாலிருந்து ரிகா அண்ணன் குரல். "ஏன்யா நின்னுக்கிட்டிருக்க? உன் பெட்டி எங்க?"

"வீட்டுல."

"கரி?"

"மச்சான், இவ்வளவு இலையையும் இப்ப..."

"பொண்ணு வர இன்னும் நேரம் இருக்கு. சம்பந்திக்காரங்களை நான் பாத்துக்கறேன். என் பேச்சைத் தாண்டி எவனும் இந்தப் படியேற முடியாது. ஏ தையக்காரி, உன் கடைப் பெட்டியையும் எடுத்துட்டு வா!"

அவர் படியிறங்கிப் போய் சம்பந்திகளை வழியிலேயே நிறுத்தி, வரவேற்புப் பேச்சு ஒன்று ஆரம்பித்தார். அது எப்படி ஆரம்பித்ததென்று யாருக்கும் நினைவில்லை, முடிவதாகத் தெரியவில்லை. எங்கள் வம்சம், அவர்கள் வம்சம், பழைய பஞ்சம், ரயில் பாதை போட்ட காலம் எல்லாம் வந்தன. மேலே, ஓடிப்போய் எடுத்துவந்த இரண்டு இஸ்திரிப்பெட்டியிலும் சர்ச் சமையலறை அடுப்பிலிருந்து கரி அள்ளிப் போட்டோம். அத்தான் கோட்டைக் கழற்றாமல் முக்காலியில் ஏறி, அடியில் மரப்பலகையைப் பிடித்து ஒவ்வோர் இலையாகத் தேய்த்தார். ஒரு பெட்டி ஆறினால் நான் மற்றதை ஊதிக் கொடுப்பேன். மலெம்பா அக்கா பட்டு மாதிரி மினுங்கும் புதுப் பாவாடையோடு வந்தவள், முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். மெழுகுவர்த்தியை எடுத்து, அவர் தேய்த்த சூடு ஆறுவதற்குள் இலையின் அடிப்பக்கம் தேய்த்தாள். ஒன்றன்பின் ஒன்றாக இலைகள் காது தூக்கின. மேகமும் மெதுவாக விலகியது.

சம்பந்திகள் ஒருவழியாக மேலே வந்தபோது பார்த்த காட்சி இதுதான்: பெண்ணின் அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு முக்காலிமேல் நின்று வளைவுக்கு இஸ்திரி போடுகிறார். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி வாய்விட்டுச் சிரிக்க, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ஒருவர் பாட்டை எடுத்தார். இஸ்திரிப்பெட்டியின் அசைவுக்குத் தாளம் போட்டு, கூட்டம் மொத்தமும் ஆடிக்கொண்டே பாடியது. வகேஷோ வெள்ளை உடையில் காரிலிருந்து இறங்கியபோது அத்தான் வளைவின் நெற்றியிலிருந்த கடைசிக் கொழுந்தை அழுத்திக்கொண்டிருந்தார். இறங்கி, பெட்டியை என் கையில் கொடுத்து, மகள் கையைப் பிடித்தார்.

வளைவுக்கு அடியில் வகேஷோ ஒரு நிமிஷம் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, கதகதன்னு இருக்கு" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. அத்தான் தலையை ஆட்டினார். அப்படியே உள்ளே போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் யாரும் திட்டம் போடவில்லை. மாப்பிள்ளையின் தங்கைக்கு அடுத்த ஏப்ரலில் கல்யாணம். அந்த வளைவு வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். பிறகு பாதிரியார் மகளுக்கு. பிறகு, கள்ளுக் கடைக்காரன் தயங்கித் தயங்கி வந்து, "அண்ணே, எங்க கொழுந்தியாளுக்கு..." என்றான். "காட்டு வீட்டுச் சம்சாரத்துக்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார் அத்தான். கொடுத்தார். இரண்டு பக்கமும் மெழுகேற்றிப் புது வளைவுகள் செய்தோம். பெண்கள் குழு அவற்றை வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்குக் கொடுத்து வாங்குகிறது. வோய் அலங்காரக்காரர்கள் வந்து பார்த்தார்கள். இப்போது அவர்களும் துணியிலேயே செய்கிறார்கள். எங்களுடையது போல வரிசை சரியாக இல்லை என்று அத்தான் குறை சொல்வார். எண்ணெயிலைக்குக் கத்தி எடுத்து வருகிறவர் அநேகமாக யாருமில்லை. தெரியாமல் வருகிற வெளியூர்க்காரர் ஓரிருவரை ரிகா அண்ணனே பாதையில் நிறுத்திப் பேச ஆரம்பித்துவிடுவார். அவர்கள் தாங்களாகவே திரும்பிப் போய்விடுவார்கள்.

மூன்றாம் வருஷம் நீண்ட மழைக்குப் பிறகு செடிகள் பூத்தன. தண்டிலேயே ஒட்டிக்கொண்டு, ஊதாவும் நீலமுமாகச் சின்னச் சின்னப் பூ. வவூடா பெரியம்மா ஊரையே கூட்டிப்போய்க் காட்டினார். சிறுசுகளைத் தொடவிடாமல் பிடித்துக்கொண்டு நாங்கள் பெரியவர்கள் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். பழம் வந்ததும் நாற்றுப்பண்ணையில் போட்டார்கள். பாதிக்கு மேல் அழுகிப்போயிற்று. கொஞ்சம் முளைத்தது. விரல் உயரம் வருவதற்கே ஒரு வருஷம் எடுத்துக்கொண்டது. போன மழையில் அவற்றில் சிலவற்றைச் சரிவின் காலி இடங்களில் நட்டார்கள். ஒன்றிரண்டைப் பன்றி தோண்டிவிட்டது. மற்றவை நிற்கின்றன. வெட்டுப்பட்ட செடி மட்டும் துளிர்க்கவேயில்லை. அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்பதில்லை.

அத்தானுக்கு இப்போது முட்டி வலி. இருந்தாலும் ஏறிப் போகிறார். மலெம்பா அக்கா மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். முதலில் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இப்போது அங்கேயே உட்கார்ந்து சேர்ந்து சாப்பிட்டு, பொழுது சாய்ந்தபின் இரண்டு பேருமாக இறங்கி வருகிறார்கள். வயல் வேலை கெடுகிறதே என்று கேட்டால், "வயலு எங்க ஓடிப் போகுது" என்கிறாள்.

போன வாரம் நானும் கூடப் போனேன். பழக்காலம். கரும்பழங்கள் கொத்துக் கொத்தாகத் தண்டில் ஒட்டியிருந்தன. பறவைகள் தின்று மிச்சம் வைத்தவை கீழே கிடந்தன. அத்தான் அந்தப் பக்கம் திரும்பியபோது மலெம்பா அக்கா ஒன்றை எடுத்துப் பாவாடையில் துடைத்து வாயில் போட்டாள். முகம் கோணிப்போயிற்று.

"த்தூ! என்னங்க இது, துவர்ப்பா புளிப்பான்னே தெரியல!"

அவர் திரும்பினார். "ஏய், தின்னுட்டியா? அது வெதை!"

"கொட்டையை உங்க கையிலேயே துப்பறேன், பிடிங்க. இந்தப் பழத்துக்கா இவ்வளவு காவல்?"

அவர் நிஜமாகவே கையை நீட்டினார். அவள் துப்பினாள். அவர் அதை நல்ல கொட்டைதானா என்று பார்த்து, ஈர மண்ணில் விரலால் ஒரு குழி பறித்துப் போட்டு, இலைச்சருகால் மூடினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டார்.